படத்தில் இருந்த ஒடுக்கு

எங்கள் பாத்திரக்கடையில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போனவர்கள், பழசைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அப்பா இருந்தபோதே கல்லாவுக்கு மேல் பெயிண்டால் எழுதி வைத்தது. காரணம் இல்லாமல் எழுதவில்லை. வீட்டில் இருக்கிறவரை பரணில் கிடந்து பல்லி முட்டையிட்ட அண்டா, கடைக்கு வந்த மறுநாள் திடீரென்று மாமியார் ஆசையாகக் கொடுத்த அண்டாவாகிவிடும். மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்கள். அப்பா இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார் என்பதால், அவரை நச்சரித்து அதை எழுத வைத்தவள் நான்தான்.

அன்று காலை கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்திருந்தேன். சாமி படத்துக்கு இன்னும் பூக்கூட வைக்கவில்லை. அரும்பாவூர் ரெங்கம்மாக்கா வந்து படிக்குக் கீழேயே நின்றார். ஒரு கையில் போன வாரம் நான் கொடுத்த புதுத் தூக்குவாளி. இன்னொரு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒரு தட்டையான சாமான்.

"ரஞ்சனி, அந்தப் பழய தூக்கக் குடுத்துடும்மா. இந்தா, புதுச நீயே வச்சுக்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இன்னும் போணிகூட ஆவலக்கா. காலங்காத்தால வந்து வாங்குனதத் திருப்பிக் குடுத்தா நான் என்னத்துக்குக் கடையத் தொறந்து வச்சிருக்கேன்? மேல எழுதியிருக்கிறதப் படிங்க."

அவர் மேலே பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் என்னை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பார். சந்தையில் சின்ன வெங்காயம் விற்கிறவர். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனை அவர் வாங்குகிற வாங்கு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அந்தக் குரல் அன்று தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

"அவரு சாப்புட மாட்டேங்கிறாரும்மா. தூக்கு போன நாள்லேருந்து செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காரு."

அவர் என்றால் அழகேசன் மாமா, ரெங்கம்மாக்காவின் வீட்டுக்காரர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டியவர். போன ஐப்பசியில் வாதம் அடித்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போய்விட்டது. அது எனக்குத் தெரியும். தூக்குவாளிக்கும் அவர் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரியவில்லை. "உள்ள வாங்க" என்றேன்.

முக்காலியில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். பரீட்சை எழுதுகிற அட்டை, அதில் கிளிப் மாட்டிய ஒரு தாள். தாளில் ஒரு தூக்குவாளி. வாட்டர் கலரில் வரைந்தது.

"யாரு வரஞ்சது?"

"அவருதான். எடது கையால." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "கைக்குப் பயிற்சின்னு ஆஸ்பத்திரியில ஒரு பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னாங்க. அத வீசி எறிஞ்சிட்டாரு. பேத்தி லீவுக்கு வந்தப்ப வுட்டுட்டுப் போன கலர் டப்பா கெடந்துச்சு. ஒரு நாள் அதத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு. வெளங்காத கையத் தூக்கித் தாளு மேல வச்சுக்குவாரு, பறக்காம இருக்கட்டும்னு. இந்தக் கையால பூசுவாரு. எதுக்க இந்தத் தூக்கு. தெனமும் இதேதான். வரைவாரு, கிழிப்பாரு. இந்த ஒண்ணத்தான் கிழிக்காம வச்சிருந்தாரு."

படம் இன்னும் முடியவில்லை. வாளியின் பிடி பென்சில் கோடாகவே நின்றது.

நான் பிறந்தது முதல் எவர்சில்வருக்கு நடுவில் கிடப்பவள். கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற காலண்டரில் பாத்திரப் படம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் மூலைக்கு மூலை நட்சத்திரம் மின்னும். எந்தப் பாத்திரம் அப்படி மின்னுகிறது? இந்தப் படத்தில் கோடு நடுங்கியிருந்தது. வாயின் விளிம்பு ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிருந்தது. ஆனால் பளபளப்பு அசல் பளபளப்பு. வாளியின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு நீள வெளிச்சம் இருந்தது. அந்த இடத்துக்கு வெள்ளை பூசியிருக்கிறார் என்று நினைத்து விரலால் தடவினேன். ஒன்றும் பூசவில்லை, வெறும் தாள். சுற்றிலும் கறுப்பையும் சாம்பலையும் தண்ணீராகக் கரைத்து விட்டு, வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். நடுங்குகிற கையால் பூசுவது ஒரு பாடு. பூசாமல் நிறுத்துவது அதைவிடப் பெரும்பாடு.

வயிற்றின் இடப்பக்கம் ஒரு ஒடுக்கு. மேலே கூராகத் தொடங்கிக் கீழே அகன்று போகிற நல்ல ஆழமான ஒடுக்கு. பள்ளத்தில் நிழலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, விரலை விட்டால் உள்ளே போகும் என்கிற மாதிரி செய்திருந்தார்.

"எவ்வளவு நல்லா இருக்கு. இத வச்சுத்தான் வரையிறாருன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா எடைக்குப் போட்டீங்க?"

அவர் தலை குனிந்தார்.

"அந்த ஒடுக்கு நான் போட்டதும்மா. கல்யாணமான புதுசுல ஒரு நாளு குடிச்சிட்டு வந்தாரு. குடுத்தனுப்புன சோறு அப்படியே ஊசிப்போயிருக்கு. தூக்கப் புடுங்கி அவரு மேலயே வீசுனேன். அவரு குனிஞ்சிக்கிட்டாரு. ஆட்டுக்கல்லுல போயி விழுந்துச்சு. அவரு அத எடுத்துக் கழுவி வச்சாரு. மறுநாளும் அதுலதான் சோறு போடச் சொன்னாரு. ஒரு வார்த்த சொல்லல. இத்தன வருசமும் சொல்லல."

"அப்பறம் என்ன?"

"இப்ப வாயும் போச்சுல்ல. வாய் போன மனுசன் ஒக்காந்து அந்த ஒடுக்கயே தெனமும் வரையிறாரு. பாக்க வர்றவங்கல்லாம் படத்தப் பாத்துட்டு, இது என்ன ஒடுக்கு, எப்புடி ஆச்சுன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல? சொல்லிக் காட்ட முடியாததுக்கு வரஞ்சு காட்டுறாருன்னு நெனச்சேன். புதுசா ஒண்ண வச்சா அத வரைவாரு, இதுவும் கண்ண வுட்டுப் போயிரும்னு..."

நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். புதுசைக் கொண்டுபோய் முன்னால் வைத்ததும் மாமா அதை ஒரு பார்வை பார்த்திருக்கிறார். பிரஷ்ஷைக் கழுவியிருக்கிறார், கலர் டப்பாவை மூடியிருக்கிறார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாராம்.

"வாதம் அடிச்சப்பக்கூட நான் இப்புடிப் பயப்படல ரஞ்சனி. அப்ப அவருக்கு முடியல. இப்ப வேணாங்கிறாரு."

அதைக் கேட்ட பிறகு சட்டமாவது ஒன்றாவது. எழுந்து பின்கட்டுக்கு நடந்தேன்.

பழைய சரக்கு அங்கேதான் சாக்கு சாக்காகக் கிடந்தது. மத்தியானம் வேன் வந்து உருக்குவதற்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அதை ரெங்கம்மாக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய பாத்திரத்தை நாங்கள் அப்படியே சாக்கில் போடுவதில்லை. கல்லின் மேல் வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போடுவோம். இல்லாவிட்டால் சாக்கு நிறையக் காற்றுதான் ஊர் போய்ச் சேரும். எங்கள் கடையில் மிதிக்கிறவள் நான்.

படத்தை ஒரு மூட்டையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, பின்னாலேயே வந்த ரெங்கம்மாக்காவும் நானும் ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துக் கொட்டினோம். இந்த ஜில்லாவில் வயலுக்கும் குவாரிக்கும் சோறு சுமந்த தூக்குவாளிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. படத்தில் ஒடுக்குக்கு மேலே புள்ளி புள்ளியாக 'அ.ரெ.' என்று பேர் வெட்டியிருந்தது. அழகேசன், ரெங்கம்மாள். அப்பா உளியால் வெட்டியது. 'ரெ'யின் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கும். மாமா அந்தச் சாய்வைக்கூட விடாமல் வரைந்திருந்தார். அந்தச் சாய்ந்த கொம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வாளியின் வாய் ஒட்டிப்போய், வயிறு சப்பி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ரெங்கம்மாக்கா அதை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத எப்புடிக் கொண்டுபோயி அவருகிட்ட காட்டுவேன்?"

"எந்திரிங்க. ஒடுக்கெடுக்கத் தெரியாமயா பாத்திரக்கடை வச்சிருக்கேன்?" என்று அதட்டினேன். என் மேலேயே இருந்த கோபத்தை வேறு யாரிடம் காட்டுவது?

உருண்டை முனை வைத்த இரும்புக் கம்பியை உள்ளே கொடுத்து, வெளியிலிருந்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வாயைத் திறந்தேன். வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். அந்தப் பழைய ஒடுக்கின் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றித்தான் தட்டினேன். கடைசியாக ஒரு தட்டு. டொக் என்று ஒரு சத்தம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, என் மிதியோடு சேர்ந்து அந்தப் பழைய ஒடுக்கும் எழும்பிப் போய்விட்டது. வயிறு வழவழவென்று ஆகிவிட்டது.

"போயிருச்சே" என்றார் ரெங்கம்மாக்கா.

ஒடுக்கு போனதற்காக வாடிக்கையாளரும் கடைக்காரியும் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது எங்கள் கடையில் அதுதான் முதல் தடவை. அந்த ஒடுக்கு கண்ணை விட்டுப் போகாதா என்று தவித்த மனுஷிதான் இப்போது போன இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றது?"

"பழயபடி போட்டுர வேண்டியதுதான். படம் இருக்குல்ல."

ஒடுக்கு எந்த இடத்தில், எந்தச் சாய்வில் என்று பார்க்கப் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் அதை உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எவர்சில்வருக்குச் சொந்த நிறம் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதை வாங்கிப் பூசிக்கொள்ளும். படத்தில் வாளியின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தது.

"உங்க வூட்டுத் தரை செவப்பாக்கா?"

"ஆமா. சிவப்புச் சிமெண்டு."

"இந்தப் பக்கம் நீலமா இருக்கே?"

"தெருக்கதவு."

ஒடுக்கின் உள்விளிம்பில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. நகக்கீறல் அளவுதான். கிளிப்பச்சை. மேலே ஒரு கறுப்புப் புள்ளி, கீழே போகப் போகக் கொஞ்சம் அகலம். மற்ற நிறங்களையெல்லாம் தண்ணீராக ஓட விட்டிருந்தவர், இதை மட்டும் பிரஷ் நுனியால் நிறுத்தி நிறுத்தி வைத்திருந்தார்.

"பச்சையா அங்க என்ன இருக்கு? செடியா?"

"நடுவூட்டுல செடி ஏது?"

"சன்னலுக்குத் துணி கிணி?"

"இல்லியே."

"அவரு வரையிறப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"அடுப்படி நெலையப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். ஒக்காந்த வாக்குல சாஞ்சிருவாரோன்னு பயம்."

"என்ன சேல?"

"வூட்டுல கட்டுறதுதான். பச்ச. முந்தி கிழிஞ்சது."

"அக்கா, அவரு ஒடுக்க வரையல. இங்க பாருங்க. இது நீங்க."

அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பச்சைக் கோட்டின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை.

"இம்புட்டுத்தானா நானு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. "நான் என்னென்னமோ நெனச்சேனே."

எனக்கு இன்னொன்றும் புரிந்தது. வழவழப்பான வயிறாக இருந்தால், ஓரத்தில் நிற்கிறவர் ஓரத்தில்தான் தெரிவார். ஒடுக்கு விழுந்து தகட்டைத் திருப்பிவிட்டதால்தான் அடுப்படி நிலையில் நின்றவர் ஓரத்தை விட்டு அந்தப் பள்ளத்துக்குள் வந்து விழுந்திருக்கிறார். அதையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் வாளியை எடுத்துக் கல்லின் விளிம்பில் சாய்த்துப் பிடித்துவிட்டார்.

"அப்ப போடு."

"நீங்க போடுங்க. உங்க ஒடுக்குதானே."

சுத்தியை வாங்கித் தட்டினார். தூளியில் கிடக்கிற பிள்ளையைத் தட்டுகிற தட்டு. தகடு அசையவில்லை. "அன்னிக்கு இருந்த கோவத்த நெனச்சுக்கிட்டு அடிங்கக்கா" என்றேன்.

"அது இப்ப எங்க இருக்கு?" என்று சுத்தியை என்னிடமே நீட்டினார்.

கோபம் என்னிடம் எப்போதும் இருப்பில் உண்டு. படத்தை எதிரில் நிறுத்திவைத்து, அவர் பிடித்துக்கொள்ள, ஓங்கி ஒரே அடி அடித்தேன். விழுந்தது. இடம் சரி. சாய்வும் ஏறக்குறையச் சரி. அகலம்தான் படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கல்யாணத்துக்கு வருகிற பாத்திரங்களில் கீறல் விழாமல் பார்த்துப் பார்த்து விற்கிறவள், ஒரு ஒடுக்கு ஒழுங்காக விழவில்லையே என்று கவலைப்பட்டேன்.

வேன்காரனுக்குப் போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினேன். அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. மிதித்தவள் நான், மாமாவுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும். அரும்பாவூர் பஸ்ஸில் வழி முழுக்க ரெங்கம்மாக்கா வாளியை மடியில் வைத்து, ஒடுக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தார்.

மாமா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். முதுகு வற்றிப்போயிருந்தது. லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த அந்தத் தோளை நான் பார்த்திருக்கிறேன். ரெங்கம்மாக்கா ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். பிடி கணீரென்று வாயில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு முதுகு அசைந்தது. இடது முழங்கையை ஊன்றி மெதுவாகத் திரும்பினார்.

வாளியைப் பார்த்தார். இடது கையை நீட்டினார். கட்டைவிரல் நேராக ஒடுக்குக்குத்தான் போனது. உள்ளே ஒரு சுற்று, விளிம்பில் ஒரு சுற்று. விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நான்தான் மாமா மிதிச்சிட்டேன். எடுக்கப் போயி ஒங்க ஒடுக்கும் போயிருச்சு. அக்கா புடிச்சிக்கிட்டாங்க, நான்தான் படத்தப் பாத்துத் திருப்பிப் போட்டேன்."

அவர் ரெங்கம்மாக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலை மடக்கி, மறுபடியுமா என்று கேட்கிற மாதிரி ஒடுக்கின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். அசையக்கூடிய அந்த ஒரு பக்கத்து உதடு மேலே ஏறியது. தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை, ஆனால் மனிதர் சிரிக்கிறார்.

தாங்கலாக உட்கார வைத்தோம். ரெங்கம்மாக்கா அட்டையை அவர் மடியில் வைத்து, கலர் டப்பாவைத் திறந்து, டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மாமா பழைய படத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, புதுத் தாள் மாட்டச் சொல்லிச் சைகை காட்டினார். வலது கையைத் தூக்கித் தாளின் மேல் வைத்துக்கொண்டார். வாளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், பிரஷ் இறங்கவில்லை. பிறகு பிரஷ்ஷால் அடுப்படி நிலையைக் காட்டினார். ரெங்கம்மாக்கா போய் நின்றார். மாமா தலையாட்டினார், இல்லை என்று. பிரஷ்ஷைத் திருப்பிக் கலர் டப்பாவில் இருந்த பச்சை வில்லையைத் தொட்டுக் காட்டினார்.

ரெங்கம்மாக்கா சந்தைக்குக் கட்டுகிற ஊதாச் சேலையில் இருந்தார். குனிந்து அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். காலையிலிருந்து காணாமல் போயிருந்த குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"கட்டுறேன். சும்மா ஒண்ணும் கட்ட மாட்டேன். மொதல்ல கஞ்சியக் குடிக்கணும். பாதி வச்சீங்கன்னா பாதி நேரந்தான் நிப்பேன், சொல்லிட்டேன்."

தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை மூடி மூடித் திறந்தார். கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு ரெங்கம்மாக்கா உள்ளே போய், அந்த முந்தி கிழிந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிலையைப் பிடித்து நின்றார்.

நான் மாமாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து வாளியைப் பார்த்தேன். சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது. பச்சையைக் காணோம். என் ஒடுக்கு இம்மி பிசகியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து கடைசியில் கெடுத்துவிட்டேனே என்று நான் நிற்கும்போது, மாமா இடது கையால் வாளியின் வாயைப் பிடித்து அரக்கினார். கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். ஒடுக்குக்குள் பச்சை வந்து நின்றது.

ஒடுக்கு முன்னைவிட அகலம். அதனால் ரெங்கம்மாக்காவும் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தார். மாமா பிரஷ்ஷை நனைத்தார். புதுத் தாளில் இன்னும் வாளி இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை, பென்சில் கோடுகூட இல்லை. முதலில் பச்சையைத்தான் தொட்டார்.